காரின் ஏசி ஃபில்டரை நாமே மாற்றுவது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

சென்ற ஆண்டு சித்திரை வெயிலில் ஏசி போட்டும் என் கார் குளிரவே இல்லை. விசிறியை நான்காம் எண்ணில் வைத்தால் இரைச்சல் மட்டும் பெரிதாக வந்தது. துவாரத்தின் முன் கையை வைத்துப் பார்த்தால் ஊதுபத்திப் புகையை அசைக்கும் அளவுக்குத்தான் காற்று வந்தது. முதலில் போன பணிமனையில் ஏசியைக் குளிர்விக்கும் கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி 1,800 ரூபாய்க்கு நிரப்பினார்கள். மூன்று வாரங்களில் நிலைமை பழையபடியே ஆனது. இரண்டாவது பணிமனையில் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலை மாற்ற வேண்டும், டேஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டும் என்று ஒரு மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொடுத்தார்கள். அந்தத் தாளோடு வீடு திரும்பிய மாலையில், எங்கள் குடியிருப்பில் வசிக்கும், பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "காயிலைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஃபில்டரைக் கழட்டிப் பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாது.

அவர் சொல்லச் சொல்ல நானே கழற்றினேன். வெளியே வந்தது ஃபில்டர் போலவே இல்லை. மடிப்புகளுக்கு இடையே வேப்பிலைக் காம்புகள் வரிசையாகச் செருகியிருந்தன. ஒரு தும்பியின் இறக்கை அப்படியே ஒட்டியிருந்தது. அதற்கு மேல் கம்பளித் துணிபோல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மூடியிருந்தது. விரலால் நீக்கிப் பார்த்தபோது ஓரச் சட்டத்தில் அச்சிட்டிருந்த தயாரிப்பு ஆண்டு தெரிந்தது: 2019. நான் கார் வாங்கிய ஆண்டு அது. ஆனால் அதற்குப் பிறகு வழக்கமாக சர்வீஸ் விடும் இடத்தில் எனக்குக் கொடுத்த பில்களில் இரண்டு முறை "ஏசி ஃபில்டர் மாற்றப்பட்டது" என்று எழுதிப் பணமும் வாங்கியிருந்தார்கள்.

இந்த வேலைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். முதன்முறை அரை மணி நேரம் பிடிக்கும், அடுத்த முறை பத்து நிமிடம். ஏசி குளிரவில்லை என்றால் கேஸுக்கும் காயிலுக்கும் பணம் கொடுக்கும் முன் முதலில் இதைப் பாருங்கள் என்பதற்காகவே நான் செய்த வரிசையில், தவறிய இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. எந்த ஃபில்டர் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

காரில் காற்றை வடிகட்டும் ஃபில்டர்கள் இரண்டு உள்ளன. இன்ஜினை மூடும் பானட்டுக்குள் கறுப்புப் பெட்டியில் இருப்பது இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டுவது; அதைத்தான் மெக்கானிக்குகளும் கடைக்காரர்களும் "ஏர் ஃபில்டர்" என்பார்கள். பயணிகள் சுவாசிக்கும் காற்றை வடிகட்டுவதற்கு நம் ஊரில் வழங்கும் பெயர் "ஏசி ஃபில்டர்" அல்லது "கேபின் ஃபில்டர்". கடையில் போய் வெறுமனே "ஏர் ஃபில்டர்" என்று கேட்டால் இன்ஜினுக்கு உரியதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நான் அப்படி ஒன்றை வாங்கி வந்து, பெட்டியைப் பிரித்த பிறகு திருப்பிக் கொடுக்க முடியாமல் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். விலை குறைந்த சில மாடல்களில் தொழிற்சாலையிலிருந்தே இந்த ஃபில்டர் பொருத்தப்பட்டு வராது. அதற்கான இடம் மட்டும் மூடியுடன் இருக்கும். காரோடு தந்த உரிமையாளர் கையேட்டில் ஃபில்டரைப் பற்றிய பக்கமே இல்லையென்றால், உங்கள் மாடலுக்கு அந்த வசதி உண்டா என்று உதிரிபாகக் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

2. மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று பாருங்கள்

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 10,000 முதல் 20,000 கிலோமீட்டர் வரை. உங்கள் காருக்கான சரியான இடைவெளி கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இருக்கும். தூசி மிகுந்த சாலைகளில் ஓட்டுபவர்கள் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்ற குறிப்பும் பெரும்பாலும் அதற்குக் கீழேயே இருக்கும். நம்மில் பலர் அந்தக் குறிப்புக்கு உட்பட்டவர்களே. மெட்ரோ வேலை நடக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் நாள்தோறும் போய்வரும் எனக்கு, கிலோமீட்டர் கணக்கு எதற்கும் உதவவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன். பார்ப்பதற்குச் செலவே இல்லை.

விசிறியின் இரைச்சல் கூடியும் காற்று கூடாமல் இருப்பதே முதல் அறிகுறி. ஏசியைப் போட்ட முதல் ஒரு நிமிடத்தில் ஈரத்துணி நாற்றம் வருவது, மழை நாளில் முன் கண்ணாடியில் படியும் ஆவி எளிதில் விலகாமல் இருப்பது, விசிறிக்குள் காய்ந்த இலை உரசும் சத்தம் கேட்பது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. வண்டியில் ஏறியதும் குழந்தைகளோ பெரியவர்களோ தும்மத் தொடங்கினால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். என் தாயார் இரண்டு ஆண்டுகளாக எங்கள் காரில் தும்மிக்கொண்டிருந்தார். நாங்கள் அதை அவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றே எண்ணியிருந்தோம்.

கேஸ் குறைவா, ஃபில்டர் அடைப்பா என்பதை ஓரளவு நாமே பிரித்தறியலாம். காற்று வேகமாக வந்து, ஆனால் குளிர்ச்சியில்லாமல் இருந்தால் கேஸ், அதை அழுத்திச் சுழலவிடும் கம்ப்ரஸர் போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். காற்று குளிர்ச்சியாக இருந்தும் மிகக் குறைவாக வந்தால் முதல் சந்தேகம் ஃபில்டர்மீதுதான் விழ வேண்டும். என் விஷயத்தில் வந்த கொஞ்சம் காற்றும் குளிர்ச்சியாகவே இருந்தது. இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் அந்த 1,800 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

பருவத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் பொங்கல் முடிந்தபின் மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் போகிப் புகையும் பழைய ஃபில்டரோடு போய்விடும். கோடைக்குப் புதியது தயாராக இருக்கும். ஆடிக்காற்று புழுதியை வாரியிறைக்கும் ஊர்களில் இருப்பவர்கள் ஆவணியில் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஆவணங்களை எடுத்து வையுங்கள்

ஒரு ஃபில்டர் வாங்க ஆவணம் எதற்கு என்று தோன்றும். தவறான அளவை வாங்குவதற்கு முதன்மையான காரணமே இந்தப் படியைத் தாண்டிப் போவதுதான்.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. அட்டையில் பதிவு நாளும், வண்டி தயாரான மாதம் மற்றும் ஆண்டும் தனித்தனியாக இருக்கும். ஃபில்டர் வாங்கத் தேவைப்படுவது தயாரிப்பு மாதமே. ஒரே பெயரில் விற்கும் கார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளமைப்பு முழுவதும் மாறி வெளிவருகிறது. எடுத்துக்காட்டாக, மாருதி ஸ்விஃப்ட் நம் நாட்டில் 2005-இல் அறிமுகமாகி 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் புதிய தலைமுறையாக வந்தது. 2018 தலைமுறை அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அறிமுகமானது. ஆகவே, 2018 ஜனவரியில் பதிவான ஸ்விஃப்ட் முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது. "2018 மாடல்" என்று சொல்லி ஃபில்டர் கேட்டால் வேறொன்று கைக்கு வரும் வாய்ப்பு உண்டு. பழைய கார் வாங்கியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஆர்.சி.யில் உள்ள, எழுத்துகளும் எண்களுமாக 17 குறிகள் கொண்ட சேஸிஸ் எண்ணையும் (உங்கள் வண்டிக்கே உரிய அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி உதிரிபாகக் கடைகளில் அந்த எண்ணைக் கொண்டு உங்கள் வண்டிக்குரிய பாகத்தின் எண்ணைக் கணினியிலேயே எடுத்துவிடுவார்கள். ஊகத்துக்கே இடமில்லாத வழி இது.

உரிமையாளர் கையேட்டில் ஃபில்டரைக் கழற்றும் முறை பெரும்பாலும் படத்துடன் இருக்கும். புத்தகம் தொலைந்துபோயிருந்தால் பல நிறுவனங்களின் இணையதளங்களில் மாடல் வாரியாகக் கையேடு கிடைக்கிறது. கடைசி இரண்டு சர்வீஸ் பில்களையும் தேடி எடுத்து, ஃபில்டருக்குப் பணம் போட்டிருக்கிறார்களா, எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் என்று பாருங்கள். கழற்றியதைப் பார்க்கும்போது அந்தத் தாள்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

4. எதை, எங்கே, என்ன விலைக்கு வாங்குவது

சாதாரண ஃபில்டர் வெள்ளை நிறத்தில், தாள் போன்ற செயற்கை நார்த்துணி மடிப்புகளால் ஆனது. தூசியையும் மகரந்தத்தையும் பிடிக்கும். கார்பன் ஃபில்டர் சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் இருக்கும். அதன் அடுக்குக்குள் உள்ள கரி, புகை நாற்றத்தையும் சில வாயுக்களையும் கூடுதலாக ஈர்த்துக்கொள்ளும். சிறிய கார்களுக்குச் சாதாரணமானது பெரும்பாலும் 250 முதல் 500 ரூபாய்க்குள்ளும், கார்பன் வகை அதைப் போல ஏறத்தாழ இருமடங்கிலும் கிடைக்கிறது. நான் கொடுத்தது 380 ரூபாய். பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் பின்னால் நெடுநேரம் நிற்பவர்களுக்கும், குப்பைக் கிடங்கைக் கடந்து செல்பவர்களுக்கும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கார்பன் வகைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தகும். மற்றவர்கள் சாதாரணமானதையே வாங்கி, காலம் தவறாமல் மாற்றுவது மேல். விலை உயர்ந்த ஒன்றை வாங்கிவிட்டோம் என்பதற்காக இரண்டு ஆண்டுகள் விட்டுவைப்பதில் பயனில்லை.

பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களைத் தடுப்பதாகவும் மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் "ஹெப்பா" தரம் என்றும் அட்டையில் எழுதி விற்பவற்றைப் பற்றி ஒரு சொல். வடிகட்டும் அடுக்கு நெருக்கமாக இருந்தால் காற்றோட்டம் குறையும். உங்கள் காரின் விசிறி அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கார் நிறுவனமே உங்கள் மாடலுக்கு அப்படி ஒன்றை விற்றால் வாங்கலாம். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று விற்பதை வாங்காதீர்கள்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்கும். மற்ற ஊர்களில் உங்கள் கார் நிறுவனத்தின் உதிரிபாகக் கடையே பாதுகாப்பானது. இணையத்தில் வாங்கினால் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பாகத்தின் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டியின்மேல் அதிகபட்ச சில்லறை விலையும் தயாரிப்பு மாதமும் அச்சிட்டிருக்க வேண்டும். அவை இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஃபில்டரைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வது நல்ல யோசனைதான். ஆனால் அதைக் கழற்றிவிட்ட காரிலேயே கடைக்குப் போனால், போகும் வழியில் விசிறியைப் போடவே கூடாது. போட்டால் இலையும் தூசியும் நேராகக் கூலிங் காயிலில் போய் ஒட்டும். அதற்குப் பதிலாக நீளம், அகலம், கனம் மூன்றையும் அளவுகோலால் அளந்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஃபில்டரைத் திரும்பச் செருகிவிட்டுப் போங்கள். மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள், கனம் சற்றுக் குறைந்தாலும் அந்த இடைவெளி வழியாகத் தூசி உள்ளே புகுந்துவிடும்.

5. பழையதைக் கழற்றுங்கள்

காரை நிழலில், சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துச் சாவியை வெளியே எடுத்துவிடுங்கள். டார்ச் விளக்கு, பழைய செய்தித்தாள், சற்று ஈரமான துணி, முகக்கவசம் ஆகியவை போதும். சில மாடல்களுக்கு மட்டும் ஸ்க்ரூடிரைவர் தேவைப்படும். முகக்கவசத்தைத் தவிர்க்காதீர்கள், பல மாதத் தூசி உங்கள் முகத்துக்கு அரையடி தூரத்தில் உதிரப்போகிறது.

நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் இது முன்பக்கப் பயணியின் இருக்கைக்கு எதிரே, பொருள்கள் வைக்கும் மூடியிட்ட பெட்டியான கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. இணையத்தில் காணும் வெளிநாட்டுக் காணொளிகளில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால் எல்லாமே வலம் இடமாகத் தெரியும். அதைப் பார்த்துச் செய்பவர்கள் குழம்பிப்போகிறார்கள். வேறு சில கார்களில் ஃபில்டர் கிளவ் பாக்ஸுக்கு அடியில், கால் வைக்கும் பகுதிக்கு மேலே இருக்கும். இடம் எதுவென்று கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்விஃப்ட் காரில் நான் செய்தது இது. கிளவ் பாக்ஸைத் திறந்து உள்ளே இருந்த எல்லாவற்றையும் எடுத்தேன். அந்தப் பெட்டி முழுவதும் கீழே இறங்காதபடி அதன் இரு பக்கச் சுவர்களின் மேல்முனையில் தடுப்புகள் இருக்கின்றன. இரண்டு கைகளாலும் இரு சுவர்களையும் ஒரே நேரத்தில் உள்நோக்கி அழுத்திக்கொண்டு பெட்டியை நம்மை நோக்கி மெல்ல இழுத்தால் தடுப்புகள் விடுபட்டுப் பெட்டி கீழே சாயும். முதன்முறை அழுத்தும்போது பிளாஸ்டிக் உடைந்துவிடுமோ என்று அச்சமாக இருக்கும்; ஒரு பக்கத்தை மட்டும் இழுக்காமல் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உடையாது. ஹூண்டாய் போன்ற வேறு பல கார்களில் இந்தத் தடுப்புகள் குமிழ் வடிவில் இருக்கும், அவற்றைத் திருகி எடுக்க வேண்டும்; ஒரு பக்கத்தில் பெட்டி மெதுவாக இறங்குவதற்கான சிறு தண்டோ கயிறோ இணைந்திருக்கும், அதை முதலில் விடுவிக்காமல் இழுத்தால் முறிந்துவிடும்.

பெட்டி இறங்கியதும் டார்ச் அடித்துப் பார்த்தால் விசிறியின் கறுப்புக் கூடும், அதன்மேல் நீள்சதுரமான ஒரு மூடியும் தெரியும். மூடியின் கொக்கியை விரலால் அழுத்தி எடுத்துவிட்டு, உள்ளே தெரியும் ஃபில்டரின் விளிம்பைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். இழுக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த முகம் அழுக்காக இருக்கிறது என்பது அந்தப் படத்தில் இருக்கட்டும். அவசரப்பட்டு இழுத்தால் மேலே கிடக்கும் குப்பை விசிறிக்குள் விழும். நான் அப்படித்தான் இழுத்தேன். பிறகு விசிறிக்குள் விழுந்த வேப்பங்காம்புகளை ஒவ்வொன்றாக எடுப்பதிலேயே அரை மணி நேரம் போனது. அடியில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இழுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கிளவ் பாக்ஸுக்கு மேலேதான் பயணிக்கான ஏர்பேக் இருக்கிறது. மஞ்சள் நிற உறையிட்ட ஒயர்களும் மஞ்சள் இணைப்பிகளும் கண்ணில் பட்டால் அவை பெரும்பாலும் அதற்கு உரியவை. தொடாதீர்கள், இழுக்காதீர்கள், எதற்காகவும் கழற்றாதீர்கள். ஃபில்டரை மாற்றுவதற்கு எந்த ஒயரையும் கழற்ற வேண்டிய தேவை இல்லை.

6. அந்த இடத்தைத் துடையுங்கள்

ஃபில்டர் இருந்த பள்ளத்தைத் துணியால் துடைத்து, உதிர்ந்த குப்பையை வாக்குவம் கிளீனர் இருந்தால் அதனாலும் இல்லையென்றால் கையாலும் எடுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள். எலிப் புழுக்கையோ, நார் நாராகக் கடித்த துண்டுகளோ, தென்னை நாரோ கிடந்தால் எலி கூடு கட்டியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் கையுறை அணிந்து, உலர்ந்த நிலையில் கூட்டவோ வாக்குவம் போடவோ செய்து தூசியைப் பறக்கவிடுவதைத் தவிர்த்து, கிருமிநாசினியில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். எலி வரும் என்பதற்காக அந்த இடத்தில் அந்துருண்டை வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதன் ஆவி விசிறியின் வழியாக உள்ளே வந்து, மூடிய காருக்குள் இருக்கும் குழந்தைகளின் மூச்சில் கலக்கும்.

பானட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை போன்ற பகுதியில் சேர்ந்திருக்கும் சருகுகளையும் அள்ளிவிடுங்கள். வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. வேப்பமரத்தடியிலும் புங்கமரத்தடியிலும் நிறுத்துபவர்கள் இதை மாதம் ஒருமுறை செய்தால் ஃபில்டரின் ஆயுள் கூடும்.

7. புதியதைச் செருகுங்கள்

முதலில் பழையதையும் புதியதையும் செய்தித்தாளின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவை ஒப்பிடுங்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்த பிறகு கடையில் திரும்பப் பெறமாட்டார்கள். ஆகையால் உறையோடு வைத்தே ஒப்பிடுவது நல்லது.

அடுத்தது அம்புக்குறி. பலர் தவறுவது இங்கேதான். சில ஃபில்டர்களில் காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். வேறு சிலவற்றில் "அப்" (UP, மேலே) என்ற ஆங்கிலச் சொல்லுடன் ஓர் அம்புக்குறி இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, காற்று ஃபில்டரின் எந்த முகத்தில் நுழைந்து எந்த முகத்தில் வெளியேற வேண்டும் என்று சொல்வது. இரண்டாவது, பொருத்தும்போது எந்த விளிம்பு மேலே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வது. "அப்" என்பதைக் காற்றின் திசை என்று எண்ணிப் பொருத்தினால் ஃபில்டர் தலைகீழாகவோ பக்கம் மாறியோ போய்விடும்.

குறியே இல்லாத ஃபில்டர் கிடைத்தால், அல்லது பழையதில் குறி அழிந்திருந்தால், அழுக்கையே சான்றாகக் கொள்ளுங்கள். இலையும் தூசியும் படிந்திருக்கும் முகமே காற்று நுழையும் முகம். ஒப்பிட்டால் மறுமுகம் தூய்மையாக இருக்கும். காற்றுத் திசை அம்பு அழுக்கு முகத்திலிருந்து தூய முகத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். முன்பு வேறு யாரேனும் மாற்றிப் பொருத்தியிருந்தாலும் இந்தச் சோதனை தவறாது, ஏனென்றால் காற்றின் திசை மாறுவதில்லை.

மடிப்புகளை அழுத்தாமல், சட்டத்தைப் பிடித்து நேராக உள்ளே தள்ளுங்கள். போகவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். வெளியே எடுத்து, கோணத்தைச் சரிசெய்து மீண்டும் முயலுங்கள். சில கார்களில் இடம் நெருக்கமாக இருப்பதால் ஃபில்டரைச் சற்றே வளைத்துச் செருக வேண்டியிருக்கும். கையேட்டில் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும் வளையுங்கள். முழுவதும் உள்ளே போன பிறகு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். எங்கும் இடைவெளி இருக்கக் கூடாது.

செருகுவதற்கு முன் ஓரச் சட்டத்தில் அழியாத மையால் அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவிடுங்கள். அடுத்த முறை பணிமனையில் யார் என்ன சொன்னாலும் உங்கள் கையெழுத்தே பதில் சொல்லும்.

8. மூடிச் சோதியுங்கள்

மூடி கொக்கியில் "டக்" என்ற ஒலியுடன் அமர வேண்டும். அது சரியாக அமராவிட்டால் காற்று பக்கவாட்டில் ஒழுகி விசில் போன்ற ஒலி வரும். கிளவ் பாக்ஸின் அடிப்பகுதியைக் கீலில் பொருத்தி, பக்கச் சுவர்களை அழுத்தி மேலே தள்ளினால் தடுப்புகள் தம் இடத்தில் விழும். தண்டோ கயிறோ கழற்றியிருந்தால் அதை மாட்டிய பிறகே பெட்டியை நிரப்புங்கள்.

இப்போது இன்ஜினை இயக்கி, விசிறியை முதல் எண்ணிலிருந்து நான்குவரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். கார்பன் வகையாக இருந்தால் முதல் சில விநாடிகளில் கரித்தூள் மணம் லேசாக வரலாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். வெளிக்காற்று நிலையிலும் உள்காற்றுச் சுழற்சி நிலையிலும் தலா இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். உரசல் ஒலி கேட்டால் இலை ஒன்று விசிறியில் சிக்கியிருக்கிறது. உடனே அணைத்து, ஃபில்டரைக் கழற்றி எடுத்துப் பாருங்கள்.

ஃபில்டரை மாற்றியும் நாற்றம் தொடர்ந்தால் அது கூலிங் காயிலில் படிந்த ஈரத்திலிருந்து வருவது. சேரும் இடத்துக்கு ஐந்து நிமிடம் முன்பாக ஏசி பொத்தானை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிடும் பழக்கத்தை இரண்டு வாரம் செய்து பாருங்கள். காயில் உலர்ந்து நாற்றம் குறையும். அதன் பிறகும் போகாவிட்டால் மட்டும் காயிலைச் சுத்தம் செய்யப் பணம் கொடுங்கள்.

9. பழையதைக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள்

மடிப்புத் துணி வகைகளைத் தண்ணீரில் கழுவினால் நார் தளர்ந்து வடிகட்டும் திறன் போய்விடும். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பஞ்சர் கடையில் காற்றுக் குழாயால் ஊதுவதும் நார்களைக் கிழித்துவிடும். அவசரத்துக்குச் சருகுகளை உதிர்த்துவிட்டு ஒரு வாரம் ஓட்டலாம், அவ்வளவுதான். கழுவிப் பயன்படுத்தலாம் என்று நிறுவனமே எழுதியிருக்கும் வகை மட்டும் விதிவிலக்கு. தூக்கிப் போடும்போது உறையில் கட்டி, உலர் குப்பையில் சேருங்கள். அது செயற்கை நாரும் பிளாஸ்டிக்கும் கலந்தது, போகியன்று எரிப்பதற்கானதல்ல.

10. பணிமனையிலேயே மாற்றிக்கொள்ள விரும்பினால்

வயதானவர்களுக்கும் குனிந்து வேலை செய்ய முடியாதவர்களுக்கும் பணிமனையே வசதி. கூலி பெரும்பாலும் 100 முதல் 300 ரூபாய்க்குள் இருக்கும். வண்டியை விடும்போதே, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் "பழைய ஃபில்டரைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அது நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருள். வண்டியை எடுக்கும்போது கிளவ் பாக்ஸை இறக்கிப் புதியதைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலைதான். பில்லில் "ஃபில்டர் சுத்தம் செய்தல்", "ஃபில்டர் மாற்றுதல்" என இரண்டு வரிகள் இருந்தால் ஒன்றை நீக்கச் சொல்லுங்கள். மாற்றிய பொருளைச் சுத்தம் செய்ய வேண்டிய தேவை இல்லை.

மாற்றாமலே பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், ஃபில்டர் காருக்குள் இருக்கும் நிலையிலும் வெளியே எடுத்த பிறகும் படம் எடுத்து, தயாரிப்பு ஆண்டு தெரியும்படி ஒரு படமும் சேர்த்து, பில்களின் நகலோடு முதலில் பணிமனை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம்; அதற்குக் கட்டணம் இல்லை.

நான் மேலாளருக்குக் கடிதம் கொடுத்தபோது 2019 என்று அச்சிட்ட அந்த ஃபில்டரையும் ஓர் உறையில் போட்டு எடுத்துச் சென்றேன். அதை மேசைமேல் வைத்த பிறகு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. இரண்டு பில்களிலும் ஃபில்டருக்கு வாங்கிய தொகையை ஒன்பதாம் நாள் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்தினார்கள். தேவையில்லாமல் நிரப்பிய கேஸுக்குக் கொடுத்த 1,800 ரூபாய் வேறொரு பணிமனையில் செலவானது. அங்கே கொடுத்த பில்லில் "ஏசி வேலை" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் எழுதியிருக்கவில்லை என்பதால் அதைக் கேட்க எனக்கு வழி இருக்கவில்லை.